மொரிஸ் மைனரில் ட்ரெயிலர் கொளுக்கி

கிளிநொச்சியில் மொரிஸ் மைனர் காரின் பம்பரோடு கொளுக்கியை வெல்ட் பண்ணி ட்ரெயிலரில் நெல் மூட்டை இழுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணை. மைனர் காருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) இல்லை, பாடிதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது (வான், பிக்கப் வகைக்குத்தான் தனிச் சேசி). முதலில் டிக்கித் தரையைக் கீழிருந்து ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கறள். அதை வெட்டிப் புதுத் தகடு வைக்கும்வரை கொளுக்கியை மறந்துவிடுங்கள். தகடு நல்லதென்றால் மேலும் கீழும் அகலமான இரும்புத் தகடு வைத்து, 8.8 தர (உறுதி கூடிய) போல்டால் இறுக்குங்கள். வெறும் வாஷர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மூட்டைகளை ட்ரெயிலர் அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள், பின்பாரம் கூடினால் வாலாட்டும். அப்புறம், காரின் நாலு சில்லுக்கும் டிரம் பிரேக்தான். ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் சட்டென்று நிற்காது. பெரிய பாரத்துக்கு லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிடியுங்கள்.