காய்ச்சினாலும் போகாதது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கண்முன்னேதான் கறந்து தருகிறார். அந்தச் சூட்டோடு அப்படியே குடிக்கலாமா?

பதில்: கூடாது. புருசெல்லா போன்ற கிருமி மாட்டிடமே இருக்கலாம். பொங்கக் காய்ச்சுங்கள்.

கேள்வி: கறந்த பால் வாங்குகிறோம். ஒரு வாரமாகத் தயிர் உறையவில்லை. உறைமோரை மாற்றியும் பார்த்தாயிற்று.

பதில்: உங்கள் கைமேல் குறையில்லை. பாலில் ஆண்டிபயாடிக் தங்கியிருக்கலாம். உறைமோரில் இருப்பதும் பாக்டீரியாதான். மருந்து அதையும் அடக்கிவிடும். மடிநோய் கண்ட மாட்டுக்குக் காம்பு வழியே மருந்து ஏற்றினால், மருந்து உறையில் போட்டிருக்கும் நாள்கணக்கு முடியும்வரை பாலைக் கொட்ட வேண்டும். நோயில்லாத காம்புகளின் பாலையும் சேர்த்துத்தான். கொட்ட மனம் வராமல் கேனில் ஊற்றிவிடுகிறார்கள். ‘நாங்கள் நன்றாகக் காய்ச்சுகிறோமே’ என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் இந்த மருந்துகள் வரம்பு மீறியிருந்தன. கொஞ்சம்தானே என்பவர்கள், பெனிசிலின் ஒவ்வாதவர் இருக்கும் வீட்டில் போய் அதைச் சொல்லட்டும்.

இரண்டு டம்ளரில் இந்தப் பாலும் பாக்கெட் பாலும் எடுத்துக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் அரை ஸ்பூன் உறைமோர் விட்டு ஒரே இடத்தில் மூடி வையுங்கள். பாக்கெட் பால் மட்டும் உறைந்தால், மாட்டுக்கு என்ன மருந்து போட்டார் என்று பால்காரரைக் கேளுங்கள். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது; கேள்வி கேட்கப் போதும்.

கேள்வி: தேதி தாண்டாத பாக்கெட் பால் அடுப்பில் வைத்ததும் திரிந்தது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: விடாதீர்கள், பணம் உங்களுடையது. 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்டுரைஸ் செய்தாலும் எல்லாக் கிருமியும் சாவதில்லை. ட்ரேயை வெயில் ஏறும்வரை வாசலில் அடுக்கி வைத்தால் பாக்கெட்டில் அச்சிட்ட தேதிக்கு அர்த்தமில்லை. தேதி, பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரியப் படமெடுத்து, ரசீதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: நீர் கோத்து, லேசாக வாடை அடித்த முளைப்பயறு டப்பா வாங்கினேன். உப்புநீரில் அலசித் தின்னலாமா?

பதில்: வாடை தெரிந்துமா காசு கொடுத்தீர்கள்? குப்பையில் போடுங்கள். நல்ல முளைப்பயறையும் ஆவியில் வேகவைத்தே தின்னுங்கள். விதையில் கிருமி இருந்தால், பயறு முளைவிடும் அதே ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் அதுவும் பெருகும். 2011-ல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் இறந்தது வெந்தய முளையால்.

கேள்வி: காய்கறி கழுவும் திரவம் வாங்கலாமா?

பதில்: நான் வாங்கிய பாட்டில் சிங்க் துலக்கத்தான் ஆயிற்று. கீரையின் வேரை நறுக்கிவிட்டு அகலப் பாத்திரத்தில் முக்கி, தண்ணீரைச் சாய்க்காமல் கீரையை மட்டும் அள்ளி எடுங்கள். சாய்த்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலையில் ஏறும். அடியில் மண் தங்காமல் போகும்வரை தண்ணீர் மாற்றுங்கள். சட்னிக்குப் பச்சையாக அரைக்கும் மல்லி, புதினாவைக் கடைசியாக ஓடும் குழாயில் காட்டி, அன்றைக்கே அரைத்துவிடுங்கள்.