ஆடிய கால், எழுதிய கை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேடையில் நடித்தவர் பேராசிரியர் ஆகிவிட்டால் அவருக்குள் இருந்த நடிகன் காணாமல் போய்விடுவான் என்கிறார் என் நண்பர். உண்மையா?
(வாசகி, திருச்சி)

பதில்: அப்படிப் போனவர்கள் உண்டு. பெயர் சொன்னால் வீட்டு விசேஷத்துக்கு வருபவர்கள் குறைந்துவிடுவார்கள், விடுங்கள். உங்கள் நண்பருக்கு இலங்கையின் மட்டக்களப்பைச் சேர்ந்த கூத்துக் கலைஞர், பேராசிரியர் சி. மௌனகுருவைக் காட்டுங்கள்.

1943ல் பிறந்தவர். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர். அங்கே சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956லேயே 'மனமே' என்ற சிங்கள நாடகத்தைப் போட்டு, நாட்டார் ஆட்டத்திலிருந்து நவீன மேடைக்கு வழி உண்டு என்று காட்டியிருந்தார். தமிழ்ப் பேராசிரியர் வித்தியானந்தனுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களை வைத்தே மேடையேற்றினார். 'இராவணேசன்' வந்தபோது இராவணன் மௌனகுருதான்.

அது வடமோடிக் கூத்து, மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று. அதில் ராஜா வந்ததும் வசனம் பேசிவிட முடியாது. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல்வார், முதலில் கால் அதற்குப் பதில் சொல்லவேண்டும். மரபான உடை என்றால் கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்புக் கூடை போல இடுப்பைச் சுற்றி விரியும் கரப்புடுப்பு, தலையில் கனமான கிரீடம். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஆடி, அப்புறம் மூச்சு வாங்காமல் பாடவேண்டும். படித்துத் தெரிந்துகொள்ளும் சங்கதியா இது?

அதனால்தான் அவர் பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிச் செய்த முனைவர் பட்ட ஆய்வு எனக்குப் பிடிக்கும். ஆடிப் பார்த்தவர் எழுதியது. நடுவில் 1969ல் வடமோடி ஆட்டத்திலேயே வர்க்கப் போராட்டத்தைச் சொல்லும் 'சங்காரம்'. அப்புறம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே மாணவர்களை வைத்து 'இராவணேச'னை மறுபடி உருவாக்கினார். ஓய்வுக்குப் பிறகும் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் நடத்தினார். உங்கள் நண்பர் தேடும் நடிகன் இதில் எங்கே காணாமல் போனான்?

கேள்வி: விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பல்கலைக்கழகத்தார் சுருக்கியது அநியாயம் இல்லையா?
(வாசகர், மதுரை)

பதில்: நேரத்தைக் குறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நகரத்துக்காரன் உட்கார்ந்து பார்த்தான், கூத்து என்றால் இளக்காரம் என்ற எண்ணமும் கொஞ்சம் மாறியது. இடத்தை மாற்றியதுதான் பெரிய விஷயம். ஊரில் அது வட்டக்களரி. சுற்றிலும் சனம், ஆடுகிறவருக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து ஆடவேண்டியதாயிற்று. இராவணனுக்கு அதில் கம்பீரம் கூடியிருக்கலாம். கூத்துக்கு இழப்புத்தான். ஆனால் ஊர்க் களரி தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்ததே, அதை யாரும் பூட்டவில்லை.

கேள்வி: மகன் நாடகம் படிக்கவேண்டும் என்கிறான். எங்கே சேர்ப்பது?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி பொறுப்பில் இருந்து வளர்த்த இடம். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கும் முயலட்டும். அதற்கு முன்னால் பையனை ஒரு தெருக்கூத்துக்கு அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.