சரிசெய்யாமலே அனுப்புங்கள்

கேள்வி: கல்லூரி நாள்களில் நானும் நண்பனும் சேர்ந்து டர்போ பேஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு கணினி விளையாட்டு எழுதினோம். மேலிருந்து எழுத்துகள் விழும். தரையைத் தொடுவதற்குள் தட்டச்சு செய்து பிடிக்க வேண்டும். அதை யார் பெயரில் சமர்ப்பிப்பது என்பதில் மனக்கசப்பு வந்து, தொடர்பு விட்டுப்போய் 25 ஆண்டாகிறது. போன மாதம் பழைய சிடி ஒன்றில் அது மூல நிரலோடு கிடைத்தது. புதுக் கணினி திறக்கவே மறுக்கிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் போட்டால் ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடுகிறது. தினமும் இரவு அதோடு மல்லுக்கட்டுகிறேன். ஓட வைத்ததும் அவனுக்கு அனுப்பலாம் என்று எண்ணம். “போகாத ஊருக்கு வழி தேடுகிறீர்கள்” என்கிறார் மனைவி. நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கிவிட்டேன். முழுக் கடிதத்தில் பிழைச்செய்தியைப் பற்றி ஒன்றரைப் பக்கம், நண்பரைப் பற்றி நான்கு வரி. எது சுலபம், எது கஷ்டம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் இருவர் மேலும் தவறில்லை. எழுத்து மெதுவாக விழ ‘டிலே’ என்ற காத்திருப்புக் கட்டளையை எழுதியிருப்பீர்கள். அது ‘சிஆர்டி’ யூனிட்டில், அதாவது டர்போ பேஸ்கலோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பில், இருக்கிறது. நிரல் தொடங்கியதுமே அந்த யூனிட் கணினியின் வேகத்தை அளக்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிநொடிக்குள், வேலை எதுவும் செய்யாத வெறும் சுற்று எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். விடைக்கு ஒதுக்கியது 16 பிட் இடம். 65,535-க்கு மேல் கொள்ளாது. வேகமான சில்லில் விடை அதைத் தாண்டிவிடும். உடனே ‘பூஜ்யத்தால் வகுத்தாய்’ என்று பழிபோட்டு நிரல் படுத்துவிடும். பூஜ்யத்தால் யாரும் வகுக்கவில்லை. கணினி வேகமாகிவிட்டது, அவ்வளவுதான். 200 மெகாஹெர்ட்ஸ் கணினிகள் வந்த காலத்திலேயே பலரைப் படுத்திய வியாதி இது.

பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் போடுங்கள். கண்ட்ரோலையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்த அழுத்த வேகம் இறங்கும். எழுத்துகள் பழைய நிதானத்தில் விழும். பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் சிடிக்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், பழைய சிடிகளை நம்ப முடியாது.

ஆனால் ஒரு வாரம் கை வைக்காமல் இருங்களேன். (இதைப் படித்தபின் முடியாது என்று எனக்கும் தெரியும்.) ஓட வைத்தபின் அனுப்புவது என்ற உங்கள் திட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கும் ஒரு தோழி உண்டு. நாங்கள் பரிமாறிக்கொண்ட பழைய கடிதங்கள் எழுத்துரு மாறிக் கண்டபடி கிடந்தன. ஒரு மாதம் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, தேதிவாரியாக அடுக்கி அனுப்பினேன். “அடேயப்பா, எவ்வளவு உழைப்பு! நன்றி” என்று பதில் வந்தது. அதோடு சரி. அவள் செய்வதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லையே! ஆறு மாதம் கழித்து, ஒரு கடிதத்தில் வந்த ‘மொட்டைமாடிச் சங்கதி’ என்னவென்று மறந்துபோய்க் கேட்டேன். அன்றிரவு மட்டும் மூன்று முறை எழுதினாள்.

அதனால், பிழைச்செய்தியைப் படம் எடுத்து அப்படியே அனுப்புங்கள். கூடவே, மூல நிரலைத் திறந்து நெளிவு அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் படித்துப் பாருங்கள். கணினி படிக்காமல் தாண்டிப்போகும் வரிகள் அவை; நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. ‘இதைத் தொடாதே, ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது’ என்பது மாதிரி ஒன்றாவது அவர் கைவண்ணத்தில் இருக்கும். அதைச் சேர்த்து, “இது உன் வேலைதானே?” என்று கேளுங்கள். 25 ஆண்டு நலம் விசாரிப்பையெல்லாம் முதல் செய்தியில் கொட்ட வேண்டாம்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: விளையாட்டின் முகப்புத் திரையில் யார் பெயர் இருக்கிறது? நிரலிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பெயரும் இருந்தால் பழையதைக் கிளற வேண்டியதில்லை. உங்கள் பெயர் மட்டும் என்றால், “உன் பெயரை விட்டது என் தப்பு” என்று ஒரு வரி போட்டுத்தான் ஆக வேண்டும். ஏன், எதற்கு என்ற விளக்கம் கூடாது. விளக்கத் தொடங்கினால் மறுபடி வழக்காடுவது போலாகிவிடும்.

பதில் வராமலும் போகலாம். அவருக்கு அந்தக் காலம் உங்களுக்குப் போல இனிக்காமல் இருக்கலாம். மறுமுறை தட்டாதீர்கள். வந்தால் மட்டும், எஃப்11 சமாசாரத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவரும் இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.