கால் விலையில் அதே வேகமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என்ஜினை நடுவில் கொண்ட கார்களைப் பற்றிச் சென்ற முறை எழுதியதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க விளையாட்டுக் காரான செவர்லே கோர்வெட்டின் எட்டாம் தலைமுறையான சி8 பற்றியவையாகவே இருந்தன. வன்னியில் அந்தக் காரை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே இருப்பர் என்றாலும், கேள்விகள் கூர்மையானவை. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 60,000 டொலருக்கு விற்ற கோர்வெட், அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் விலையுள்ள பெராரிக்குச் சமமாக ஓடுகிறது என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அது உண்மையானால் மிச்சப் பணத்தைப் பெராரி எதற்காக வாங்குகிறது? (உயர்தர தொழினுட்பப் பிரிவு மாணவர், மல்லாவி)

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சி8 2019ஆம் ஆண்டு அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 59,995 டொலர். அதே ஆண்டில் வந்த பெராரி எப்8 டிரிபூட்டோவின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் டொலர். மேலதிகப் பொதியான இசட்51 பூட்டிய கோர்வெட் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீற்றர் வேகத்தை 2.9 விநாடிகளில் எட்டுகிறது. பெராரி 100 கிலோமீற்றரை எட்ட அறிவித்த நேரமும் 2.9 விநாடிகளே. ஒன்றின் வலு 495 குதிரைவலு, மற்றதன் வலு 720. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் நேரம் ஏன் ஒன்றாக இருக்கிறது?

மணிக்கு 96 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு 26.8 மீற்றர். அதை 2.9ஆல் வகுத்தால் ஆர்முடுகல் ஏறத்தாழ 9.2 வருகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கார் கிணற்றுக்குள் விழும் கல்லுக்குச் சற்றே குறைந்த ஆர்முடுகலுடன் வீதியில் கிடையாக ஓடுகிறது. பின் சில்லுகள் மட்டுமே இழுக்கும் ஒரு காருக்கு இந்த இடத்தில் எல்லை போடுவது என்ஜின் அன்று. ரயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வுதான். இன்னும் 200 குதிரைவலுவைக் கொண்டுவந்து சேர்த்தாலும் சில்லு வழுக்குமேயன்றிக் கார் முன்னே பாயாது.

கோர்வெட்டின் என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாற்றியதன் பயனும் இதுவே. எடையில் ஏறத்தாழ அறுபது வீதம் பின் அச்சில் இறங்கி, ரயரை வீதியோடு அழுத்துகிறது. இந்த மாற்றத்தைச் செவர்லேயின் பொறியியலாளர் சோரா ஆர்க்கஸ்-டன்டொவ் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தார். 1960லேயே நடு என்ஜின் பரிசோதனைக் காரொன்றையும் செய்து காட்டினார். அவர் 1996இல் மறைந்தார். விற்பனைக்கு வந்த கோர்வெட் ஒன்றில் அது நிறைவேற மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

இனி மறுபாதி. மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டியபின் ரயர் ஒரு தடையாக இருப்பதில்லை. காற்றைக் கிழிப்பதற்கு வலுவே வேண்டும். அங்கே பெராரி விலகிச் சென்றுவிடும். காணொளிகள் பெரும்பாலும் முதல் மூன்று விநாடிகளைத்தான் காட்டுகின்றன.

மிச்சப் பணத்துக்கு வருகிறேன். 2019இல் பெராரி தன் எல்லா வகைகளையும் சேர்த்து விநியோகித்தது 10,131 கார்கள். கென்டக்கி மாநிலத்தின் போலிங் கிறீனிலுள்ள ஒரே தொழிற்சாலையில், 2023 மாதிரி ஆண்டுக்கென மட்டும் 50,000க்கும் அதிகமான கோர்வெட்கள் தயாராயின. ஒரு காரை வடிவமைத்துச் சோதிப்பதற்கும் அதன் உறுப்புகளுக்கான வார்ப்பச்சுக்களைச் செய்வதற்கும் ஆகும் செலவு, பத்துக் கார் செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் பெருமளவு மாறாது; எத்தனை கார்கள் மீது அது பங்கிடப்படுகிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அத்துடன் சி8இன் என்ஜின், செவர்லே பிக்கப் வாகனங்களுக்குச் செய்யும் வி8, அதாவது வி வடிவில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட, என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் முன்னோடி 1955இல் வந்தது. பெராரி வாங்குபவர் தோலையும் தையலையும் பெயரையும் வாங்குகிறார் என்பது சரிதான். ஆனாலும் அவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, தன்னைப்போல் வாங்குபவர்கள் குறைவாக இருப்பதற்கான விலை என்பதே என் எண்ணம்.

கேள்வி: இந்தக் காரில் இன்னமும் புஷ்ரொட் என்ஜின் என்று கேள்விப்பட்டேன். நான் ஒவ்வொரு போகமும் கழற்றிப் பூட்டும் பழைய உழவு இயந்திரத்திலும் அதுதான் இருக்கிறது. இதை எப்படி நவீனம் என்கிறார்கள்? (வாகனத் திருத்தகம் நடத்துபவர், ஒட்டுசுட்டான்)

நீங்கள் கேள்விப்பட்டது சரி. மசி பேர்கசனின் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜினிலும் இந்த 6.2 லீற்றர் வி8இலும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாப்ட் புளொக்குக்குள் கீழேயே இருக்கிறது. அங்கிருந்து புஷ்ரொட் எனும் தண்டுகள் மேலெழுந்து வால்வுகளைத் திறக்கின்றன. சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்பதும் ஒன்றே. ஆனால் பழையது என்பதற்காக ஓர் அமைப்பு பிழையாகிவிடாது.

வி8 என்ஜினில் கேம்ஷாப்டுகளை மேலே ஏற்றினால், வழக்கமாக நான்கு கேம்ஷாப்டுகளும் அவற்றுக்கான சங்கிலிகளும் 32 வால்வுகளும் வேண்டியிருக்கும். தலைப்பகுதி உயர்ந்து அகன்றுவிடும். புஷ்ரொட்டில் ஒரே கேம்ஷாப்ட் 16 வால்வுகளையும் பார்த்துக்கொள்கிறது. என்ஜின் குள்ளமாவதால் காரின் எடை மையம் தாழ்கிறது, செலவும் குறைகிறது. குறை என்னவென்றால், தண்டுகளின் எடை காரணமாகச் சுழற்சி வேகத்தை மிக உயர்த்த இயலாது. சி8 நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,600 சுற்றுகளோடு நின்றுவிடும். பெராரி எப்8 தன் உச்ச வலுவையே 8,000இல்தான் தருகிறது. செவர்லேயே அதிகச் சுழற்சி வேண்டிய கோர்வெட் இசட்06 வகைக்குப் புஷ்ரொட்டைக் கைவிட்டு, 32 வால்வுகளுடன் 5.5 லீற்றர் என்ஜினைப் புதிதாகவே செய்தது. அது 8,600 சுற்று வரை சென்று 670 குதிரைவலு தருகிறது. அதற்கேற்ப விலையும் ஏறிவிட்டது.

உங்களைப் போன்றவர் கவனிக்க வேண்டிய பகுதி ஒயில் அமைப்பு. குளக்கட்டில் சரிவாக ஏறும் உழவு இயந்திரத்தில் ஒயில், என்ஜினுக்கு அடியிலுள்ள தொட்டியான சம்பின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, அழுத்தம் விழுந்து, எச்சரிக்கை விளக்கு மின்னியதைக் கண்டிருப்பீர்கள். வளைவில் விரையும் காரிலும் ஒயில் அவ்வாறே பக்கத்துக்கு ஒதுங்கும். ஆகவே சி8இன் அடியில் ஒயில் தங்கவிடப்படுவதில்லை. மூன்று பம்புகள் அதை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்ப, அங்கிருந்து அழுத்தத்துடன் திரும்பி வருகிறது. வரிசையிலுள்ள மிக மலிவான கோர்வெட்டிலும் இது உண்டு. கணக்குப் பார்த்துச் செலவைக் குறைத்தவர்கள் இந்த இடத்தில் கைவைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: இங்கே இறக்குமதி செய்து ஏ9இல் ஓட்ட முடியுமா? (கிளிநொச்சி, பரந்தன், மாங்குளத்திலிருந்து பலர்)

சி8 தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்குடன் செய்யப்பட்ட முதலாவது கோர்வெட் என்பதால், ஸ்டியரிங் பக்கம் தடையாகாது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. தடை வரிதான். நம் நாட்டில் உற்பத்தித் தீர்வை என்ஜினின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அதன்மேல் சொகுசு வரியும் பெறுமதி சேர் வரியும் ஏறும். 6,162 கன சென்ரிமீற்றர் என்ற எண்ணைப் படிவத்தில் எழுதும்போதே, மலிவு என்ற சொல் துறைமுகத்தைத் தாண்டாது என்பது விளங்கிவிடும்.

ஏ9 வீதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓமந்தையிலிருந்து வடக்கே நேராகச் செல்லும் நல்ல தார்வீதிதான். ஆனால் ஊர்மனைக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். மேலே செய்த கணக்கின்படி இந்தக் கார் அதை இரண்டு விநாடிகளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் எட்டிவிடும். அதன்பிறகு பட்டா வாகனத்துக்குப் பின்னால் வரிசையில் செல்வதுதான் உங்கள் வேலை. இரவில் சூடு தணியாத தாரில் மாடுகள் படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கம் நெல் காயும். மணிக்கு 200 கிலோமீற்றரில் செல்பவர் மாட்டைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒரு விநாடி எடுத்தாலும், அதற்குள் கார் 55 மீற்றர் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். இதற்குப் பந்தயத் தடம் வேண்டும். வீதி அதற்கான இடமன்று.

உள்வீதிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: காரின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் இடையே ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர்தான் உண்டு. விருப்பத் தெரிவாகக் கிடைக்கும் முன்தூக்கி காரின் மூக்கை மேலும் 40 மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்தும். எங்கெங்கே உயர்த்த வேண்டும் என்று ஆயிரம் இடங்கள் வரை செய்மதி வழிகாட்டியைக் கொண்டு நினைவிலும் வைத்துக்கொள்ளும். துணுக்காய்ப் பக்கம் ஒரு வாரம் ஓடினால் அந்த ஆயிரமும் நிரம்பிவிடும்.

கேள்வி: அமெரிக்கப் புத்தகத்தில் 91 ஒக்டேன் போதும் என்றிருக்கிறது. அப்படியானால் நம் 92 பெற்றோல் தாராளமாகப் போதுமல்லவா? (புதுக்குடியிருப்பு)

போதாது. அமெரிக்கர் ஒக்டேனை, அதாவது பெற்றோல் என்ஜினுக்குள் தட்டல் எழாமல் தாங்கும் திறனை, இரண்டு சோதனை முறைகளின் சராசரியாகக் குறிப்பிடுகிறார்கள். நம் பம்பில் எழுதியிருப்பது அவற்றில் உயர்ந்த எண்ணைத் தரும் முறை. அவர்களது 91 நம் அளவில் ஏறத்தாழ 95. ஆகவே இங்கே 95ஐயே நிரப்ப வேண்டும். 92ஐ ஊற்றினால் தட்டலை உணரும் கருவி தீப்பொறியைப் பிந்தச் செய்து என்ஜினைக் காப்பாற்றும். ஆனால் வலு குறையும்.

கேள்வி: ரொறன்ரோவிலுள்ள என் தம்பி பாவித்த சி8 ஒன்றை வாங்கப் போகிறான். எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்? (வவுனியா)

முதலில் கியர்பெட்டியின் பராமரிப்புப் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள். சி8இல் கையால் மாற்றும் கியர் இல்லை. இரட்டைக் கிளச் கொண்ட எட்டு வேகக் கியர்பெட்டிதான். அதன் வடிகட்டியை முதன்முறை 7,500 மைல்களில், ஏறத்தாழ 12,000 கிலோமீற்றரில், மாற்ற வேண்டும். அந்தப் பதிவு இல்லாத காரை, விலை எவ்வளவு இறங்கினாலும், விட்டுவிடுவது நல்லது. 2020ஆம் ஆண்டுக் காரென்றால், முன்பெட்டியின் மூடி தொடர்பான மீளழைப்பின் திருத்தம் செய்யப்பட்டதா என்று கார் இலக்கத்தைக் கொண்டு சரிபார்க்கலாம்.

அடுத்தது ரயர். முன்னே 19 அங்குலம், பின்னே 305 மில்லிமீற்றர் அகலத்தில் 20 அங்குலம். முன்னும் பின்னும் வேறளவு என்பதால் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிர இயலாது. பின் ரயர்கள் முந்தித் தேயும். இசட்51உடன் வரும் கோடைகால ரயர் 7 பாகைக்குக் கீழே பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதால், கனடாவில் குளிர்காலத்துக்கு இன்னொரு தொகுதி ரயர் வேண்டும், அல்லது காரை நிறுத்திவைக்க வேண்டும். உடற்தகடுகள் இரும்பன்று, கூட்டுப்பொருள். மோதலில் அவை நசுங்குவதற்குப் பதிலாக வெடித்துப் பிளவுபடும், நிறம் பூசி மறைப்பதும் எளிது. ஆகவே தகடுகளுக்கு அடியிலுள்ள அலுமினியச் சட்டத்தைக் காரை உயர்த்திப் பார்க்க வேண்டும். காப்புறுதிக் கட்டணத்தையும் முற்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டறியச் சொல்லுங்கள். கார் வாங்கிய கையோடு அந்தக் கட்டணத்தைக் கண்டு திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: குறைந்த விலையில் விலையுயர்ந்த கார்களுக்கு ஈடாக ஓடும் இதே வேலையை நிசான் ஜி.டி-ஆரும் செய்யவில்லையா? (முல்லைத்தீவு)

செய்தது, அதுவும் முன்னதாகவே. 2007 டிசம்பரில் 77 இலட்சத்து 70 ஆயிரம் யென்னுக்கு வந்த அதன் ஆர்35 வகை, 3.8 லீற்றர் இரட்டை டர்போ வி6இல் 480 குதிரைவலு கொண்டிருந்தது. எடை 1,740 கிலோ என்றாலும் நான்கு சில்லுகளும் இழுத்ததால், மேலே சொன்ன உராய்வு எல்லையை அது வேறு வழியாகத் தாண்டியது. 2008இல் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 29 விநாடிகளில் சுற்றி வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 ஓகஸ்டில், ஏறத்தாழ 48,000 கார்களோடு, உற்பத்தி நின்றது. மழை பெய்யும் நாளில் இரண்டில் ஒன்றின் சாவியைத் தந்தால் நான் நிசானையே எடுப்பேன்.

கேள்வி: என் வகன் ஆருக்கு அகல ரயரும் பெரிய சைலன்சரும் பூட்டினால் வேகம் கூடுமா? (நெடுங்கேணி)

சத்தம் கூடும். 660 கன சென்ரிமீற்றர் என்ஜின் அகல ரயரை உருட்டவே கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் என்பதால் வேகம் சற்றுக் குறையவும் பெற்றோல் கூடுதலாகச் செலவாகவும் செய்யும். அந்தப் பணத்தில் நான்கு நல்ல ரயர்களை அதே அளவில் போட்டு, பிறேக் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.