பீங்கானுக்கு வெள்ளிப் பூண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் படங்களில் ஒரு நீலவெள்ளைச் சீனக் கூஜாவைப் பார்த்தேன். பூண்கள் பொன்முலாம் பூசிய வெள்ளி, சுமார் 1585, இங்கிலாந்து வேலை என்று குறிப்பு. வெள்ளியைப் பற்றவைக்கும் சூட்டில் பீங்கான் விரிசல் விட்டுவிடாதா? உடைசலை மறைக்கத்தான் பூணா?

கோ.

அன்புள்ள கோ.,

விரிசல் விட்டுவிடும். அதனால் பீங்கானை நெருப்பருகே கொண்டுபோவதே இல்லை. பாத்திரத்தை அளவெடுத்து வாய்ப்பூண், அடிப்பூண், பட்டைகள், கைப்பிடி எல்லாவற்றையும் தனியாகச் செய்வார்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதும், பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசிச் சூட்டில் பாதரசத்தை ஓட்டுவதும் அப்போதே முடிந்துவிடும். பிறகு ஆறிய வெள்ளியைக் கோப்பதுதான் பாக்கி. வாய்ப்பூணையும் அடிப்பூணையும் செங்குத்தான மூன்று நான்கு பட்டைகள் இணைக்கும். பட்டையின் முனைகளில் கீல், கீலுக்குள் ஊசி. கடைசி ஊசி இறங்கியதும் கூண்டுபோல இறுகிக்கொள்ளும்.

கீல் இல்லாமல் முடியாது. சூளையில் வெந்த பாத்திரம் எதுவும் சரியான வட்டமாக இருப்பதில்லை. வளையாத பட்டை ஒரே இடத்தில் அழுத்தி விளிம்பைச் சில்லாக்கிவிடும். பூணின் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டுவதும் இதற்காகவே: ஒவ்வொரு பல்லையும் தனியே உடம்போடு படிய வைக்கலாம். அடியில் இடைவெளி இருந்தால் சுண்ணச்சாந்தோ அரக்கோ நிரப்புவார்கள்.

உடைந்த மூக்குக்கு வெள்ளி மூக்கு போட்டதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் சீனப் பீங்கான் கிடைப்பதற்கு அரிது என்பதுதான். டப்ளினில் ஐரிஷ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கைனியேர்-ஃபாண்ட்ஹில் குடுவை சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசெனில் 14ஆம் நூற்றாண்டில் செய்தது; ஐரோப்பாவில் பூண் கட்டிக் கூஜாவாக்கினார்கள். மூக்குக்காக நல்ல குடுவையையே துளைத்திருக்கிறார்கள்! 19ஆம் நூற்றாண்டில் பூண்களும் போய்விட்டன. 1713இல் வரைந்த படம் இருப்பதால்தான் அவை எப்படி இருந்தன என்று தெரிகிறது.

பூணில் இன்னொரு லாபம், வெள்ளியில் அடிக்கும் ஆண்டு முத்திரை. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள லெனார்ட் கிண்ணத்தின் பூணில் 1569-70க்கான லண்டன் முத்திரை இருக்கிறது. பீங்கான் அதற்குமுன் செய்யப்பட்டது என்பது உறுதி. பூண் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியதானால் இந்தக் கணக்கு செல்லாது. பட்டை உடம்போடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், கறுத்துவிட்டதென்று ஊசியைக் கழற்ற வேண்டாம். பழைய வெள்ளி மறுபடி அதே இடத்தில் உட்காராது. பாலிஷ் களிம்பு பூணுக்கடியில் தங்கிவிடும், முலாமும் தேயும். தண்ணீரில் முக்கினால் சாந்து ஊறும். உலர்ந்த மென்தூரிகை போதும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். முழு எடையும் வாய்விளிம்பில் விழும். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.