ஒரு கப் மைதா எத்தனை கிராம்? கப் அளவை கிராமுக்கு மாற்ற ஒரே கணக்கு இருக்கிறதா?

ஒரே கணக்கு கிடையாது. கப் அளப்பது பொருள் அடைக்கும் இடத்தை, கிராம் அளப்பது எடையை. 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம் நிற்கும். அதே கப்பில் சர்க்கரை சுமார் 200, வெண்ணெய் 227, தேன் 340, மைதா வெறும் 125. சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்றும் அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு தனிக்கணக்கு உண்டு.

இதில் மோசமான ஆள் மைதாதான். என் முதல் கேக்கை ஒரு அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துச் செய்தேன். கப்பை டப்பாவுக்குள் விட்டு, அரிசி அள்ளுவது போல அழுத்தி அள்ளினேன். அடுப்பிலிருந்து வந்தது செங்கல். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, இரண்டாவது துண்டு கேட்கவும் இல்லை. அப்புறம் ஒரு தராசு வாங்கி நிறுத்துப் பார்த்தால், அப்படி அள்ளிய கப் 150 கிராம். மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் கப்பில் போட்டு, மேலே கத்தியால் வழித்தால் 125. மூன்று கப் கேட்கும் குறிப்பில் 75 கிராம் மாவு கூடுதலாக விழுந்திருக்கிறது! கேக் என்ன செய்யும், பாவம்.

கப்பும் ஊருக்கு ஒன்று. அமெரிக்காவில் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான், அது ஜப்பானின் பழைய அரிசி அளவு; அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். அதை வைத்து கேக்குக்கு அளந்தவர்களை எனக்குத் தெரியும். டேபிள்ஸ்பூன்கூட பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 20. அமெரிக்கக் குறிப்பில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்று வந்தால் அது அரை கப், 113 கிராம்.

சரி, வீட்டில் இருப்பது டம்ளர்தான் என்றால்? காலி டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். என் டம்ளர் 180 கிராம் காட்டியது, அதாவது 180 மில்லி, முக்கால் கப். கப்புக்குச் சொன்ன எடையில் எல்லாம் முக்கால் பங்கு எடுத்தால் போதும்: சர்க்கரை 150, மைதா 94. தராசே இல்லையென்றால் அரை கிலோ ரவை பாக்கெட்டைப் பிரித்து எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். 500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் டம்ளருக்கான ரவைக் கணக்கு கிடைத்துவிடும். இணையத்து அட்டவணைகளைவிட இதைத்தான் நான் நம்புவேன். உப்பில் மட்டும் கவனம்: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், கல் உப்பு நடுவே இடைவெளி விட்டு உட்காருவதால் அதே ஸ்பூனில் குறைவாகத்தான் நிற்கும்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்றெல்லாம் சொல்வது விகிதம். எந்த டம்ளராக இருந்தாலும் ஒரே டம்ளராக இருந்தால் சரி. ஒரே குறிப்பில் கப்பும் கிராமும் கலந்து வரும்போதுதான் சிக்கல். எங்கள் வீட்டு அதிரசக் கணக்கு "ஒரு படி பச்சரிசிக்கு ஒரு கிலோ வெல்லம்". அரிசி படியில், வெல்லம் கிலோவில்! படியோ ஊருக்கு ஊர் பெரிதும் சிறிதுமாக இருந்தது. அம்மாவின் படியை நிறுத்தேன், பச்சரிசி ஒன்றேகால் கிலோ. ஆக கிலோ அரிசிக்கு 800 கிராம் வெல்லம். இப்போது படி இல்லாத என் வீட்டிலும் தீபாவளிக்கு அதே பதம் வருகிறது. பாகு முற்றிவிட்டால் மட்டும் எந்தத் தராசும் காப்பாற்றாது, அது வேறு கேள்வி.