நாகேஷ் கதை சொல்லும்போது பாலையாவைப் பாருங்கள்

கேள்வி: பழைய தமிழ்ப் படங்களின் குணச்சித்திர நடிகர்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்? ஏன்?

டி.எஸ்.பாலையா. இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

என் தாய்மாமா ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜக்டர் ஓடுகிற இரைச்சலில் அறைக்குள் வசனம் பாதிதான் காதில் விழுமாம். புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டே, சின்னச் சதுர ஓட்டை வழியாகத் திரையில் முகங்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகியவர். ஒருநாள் டிவியில் 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவிடம் பேய்க்கதை சொல்கிற கட்டம். நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மாமா என் தோளைத் தட்டி, "கதை சொல்றவனைப் பாக்காதல மருமவனே, கேக்குறவனைப் பாரு" என்றார்.

அன்றிலிருந்துதான் எனக்குப் பாலையா தெரியவந்தார் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காட்சியில் அவருக்குப் பெரிதாக வசனமே கிடையாது. மகன் படம் எடுக்கிறேன் என்று காசைக் கேட்டு உயிரை எடுக்கிறான். சரி, கதையைச் சொல்லித் தொலை என்கிற அலுப்போடு உட்காருகிறார். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிச் சூழ்நிலையைக் கட்டக் கட்ட, இவர் முகத்திலிருந்து அலுப்பு மெல்லக் கழன்று போகிறது. கண் விரிகிறது. வாய் அவரை அறியாமலே திறக்கிறது. எஸ்டேட் முதலாளி கொஞ்ச நேரத்தில் ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயப்படுகிற பிள்ளையாகிவிடுகிறார். அவர் நிஜமாகவே பயப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. எதிரே இருந்தவர் கொஞ்சம் அசட்டையாக உட்கார்ந்திருந்தால் நாகேஷ் பாடு திண்டாட்டமாகியிருக்கும். ஸ்ரீதரின் இந்தப் படம் வந்தது 1964. அப்போது பாலையாவுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது.

அதே படத்தில் இன்னொரு இடம். வேலையைவிட்டு விரட்டிய பையன் அசோக், வீட்டெதிரே 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடி மானத்தை வாங்கியவன், பெரிய பணக்காரரின் பிள்ளை என்று பாலையாவை நம்பவைத்துவிடுகிறார்கள். உடனே, "அசோகர் உங்க மகருங்களா?" என்கிறார். பணக்காரர் பெற்ற பிள்ளையை 'மகன்' என்று சொல்ல வாய் வரவில்லை, 'மகர்' ஆக்கிவிட்டார்! அந்த ஒற்றை 'ர்'-இல் அந்த மனிதரின் பேராசை முழுதும் இருக்கிறது. எழுதியவருக்கு உரிய பெருமை எழுதியவருக்கு. ஆனால் அதை இடுப்பை வளைத்து, குரலைக் குழைத்து, துளிகூட வெட்கமில்லாமல் சொல்லப் பாலையாதான் வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1914-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1936-இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்குச் சின்ன வேடம். வில்லன் வேடம் 22 வயதுகூட நிறையாத பாலையாவுக்கு. அடுத்த ஆண்டே 'அம்பிகாபதி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்ரசேனன். அப்புறம் ரொம்ப காலம் வில்லன்தான். 'மதுரை வீரன்' நரசப்பன் வரைக்கும் அந்த வரிசை நீள்கிறது. சிரித்த முகத்தோடு, இழுத்து இழுத்துப் பேசியே ஆளைக் கவிழ்க்கிற வில்லன். உறுமிக்கொண்டு வருகிற வில்லனைவிட எனக்கு இவர்மேல்தான் பயம் அதிகம்.

ஆனால் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) அவர் நல்ல நண்பன். கே.ஆர்.ராமசாமி பழிவாங்கத் துடித்துக் கத்தியைத் தீட்டும்போது, கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று சொல்லித் திருப்புகிற மணி. பத்துப் பதினைந்து வருஷமாக வில்லனாகப் பார்த்துப் பழகிய முகம் சொல்லியும் ஜனங்கள் அந்த அறிவுரையை நம்பினார்கள். 'பாகப்பிரிவினை'யில் (1959) மனைவி பேச்சுக்கும் தம்பி பாசத்துக்கும் நடுவே தவிக்கிற அண்ணன். 'பாமா விஜய'த்தில் (1967) மூன்று பிள்ளைகளும் மருமகள்களும் ஆடம்பரத்தில் மூழ்குவதைப் பார்த்து வேகிற அப்பா. 'வரவு எட்டணா' பாட்டை இன்றைக்கும் மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் முணுமுணுக்காமல் இருப்பதில்லை. 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) சிவாஜியின் நாதஸ்வரத்துக்குத் தவில். அதில் அவர் கையைவிடத் தலையைப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதியை முடிக்கும் முன்னாலேயே இவர் தலை அதற்கு 'ஆஹா' சொல்லிவிடும். மேளக்காரர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு 'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' பாட்டில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்துக்கு ராகம் தாவுகிறது. திரையில் அந்தக் குரலுக்கு உடம்பு கொடுப்பவர் பாலையா. நிமிர்ந்த மார்பு, மீசையோரம் ஒரு சிரிப்பு, பாண்டிய சபை மொத்தத்தையும் அளக்கிற கண். பாட்டு முடியும்போது இந்த ஆளை எவனும் ஜெயிக்க முடியாது என்று நமக்கே தோன்றிவிடும். வித்தை இல்லாதவனின் வெறும் ஜம்பமாக அவர் அதைச் செய்யவில்லை. நிஜமான வித்துவானின் கர்வமாகச் செய்தார். அதனால்தான் அடுத்து வருவது அவ்வளவு கனக்கிறது.

ராத்திரி. விறகுவெட்டியாக வந்த சிவன், ஹேமநாதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு 'பாட்டும் நானே' பாடுகிறார். இங்கேயும் பாலையாவுக்கு வேலை, கேட்பது மட்டும்தான். முதலில் யாரிது என்ற எரிச்சல். பிறகு ரசனை, வித்துவான் அல்லவா, நல்ல சங்கீதத்தைக் கேட்டதும் தன்னை மறக்கிறார். அதற்குப் பிறகுதான் பயம். ஹேமநாதரோடு பாடிப் போட்டியிட வேண்டிய பாணபத்திரர் தன்னைச் சீடனாகக்கூட ஏற்கவில்லை என்று அந்த விறகுவெட்டி சொன்னதும், காலையில் சபையில் பார்த்த அந்தத் தோள் அப்படியே இறங்கிப்போகிறது. இவனே இப்படி என்றால் பாணபத்திரர் எப்படி என்று அவர் மனசுக்குள் போடும் கணக்கை முகத்திலேயே படிக்கலாம்.

1972 ஜூலை 22-இல் காலமானார். 57 வயதுதான். மகன் ஜூனியர் பாலையாவை 'சாட்டை' படத்தின் தலைமை ஆசிரியராக உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவரும் 2023-இல் போய்விட்டார்.

பாலையாவைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் திண்ணைக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை பாட்டோடு பாருங்கள். இரண்டாம் தடவை, என் மாமா ஆபரேட்டர் அறையிலிருந்து பார்த்த மாதிரி, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.